சரிதாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி

விஜயராகவன் முதல் தடவை போன் செய்தபோது ஃபரீஹாவுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. மரியாதையாகப் பேசினார். அவசரப்படுத்தவில்லை. மனைவிக்கு மாதக் கடைசியில் பிறந்தநாள் வருகிறது, பேர் சரிதா, கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது, இதுவரைக்கும் பிறந்தநாளுக்கென்று ஒரு கொண்டை ஊசிகூட வாங்கித் தந்ததில்லை, இந்தத் தடவை ஏதாவது செய்யணும் என்றார். இப்படித் தானாக ஒத்துக்கொள்கிற ஆம்பிளையை ஃபரீஹா அதிகம் பார்த்ததில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முல்லா வீதியில், மாமியார் வீட்டு மாடி அறையில் லைட் பாக்ஸ் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு முழம் அகலத்தில் மரப்பெட்டி. முகப்பில் பால் வெள்ளையாக ஒரு அக்ரிலிக் தகடு. அதற்குப் பின்னால் கறுப்புச் சார்ட் தாளில் வெட்டின உருவங்களை அடுக்கடுக்காக இடைவெளி விட்டு ஒட்டுவாள். மரம், மாடி வீடு, கைகோத்து நிற்கிற ரெண்டு பேர், எது கேட்கிறார்களோ அது. எல்லாவற்றுக்கும் பின்னால் மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்.ஈ.டி. பட்டை. சுவிட்சைப் போட்டால் உருவங்கள் நிழலாக எழுந்து நிற்கும், பேர் மின்னும், உள்ளே இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் பாட்டு பாடும். பாட்டு ஒரு மெமரி கார்டில் இருக்கும். அந்தக் கார்டைச் செருகிய பிறகு பின்பலகையைப் பசை போட்டு மூடிவிடுவாள். மூடாமல் விட்டால் பல்லி போகும், எறும்பு போகும், வெளிச்சம் பின்பக்கமாகக் கசியும்.

வயர் வேலையெல்லாம் ஆரம்பத்தில் அவள் கணவன் ஃபவாஸ் சொல்லிக்கொடுத்தான். அவன் காந்தி வீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். இப்போது அவளே ஈயம் வைத்து ஒட்டுவாள். கையில் ரெண்டு இடத்தில் சூட்டுத் தழும்பு இருந்தது.

என்ன பாட்டு வைக்கட்டும் என்று அவள் கேட்டதற்கு விஜயராகவன் கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. படகில் போய்க்கொண்டே பாடுகிற ஒரு பழைய டூயட்டைச் சொன்னார். சரிதாவுக்கு அது உயிராம். பாட்டு படகுப் பாட்டு என்பதால் படமும் கடலாக இருக்கட்டும் என்று ஃபரீஹாவே யோசித்து, ஊர்க் கடற்கரையில் நிற்கிற பழைய துறைமுகப் பாலத்தின் கால்களையும் அலையையும் ஒரு பாய்மரப் படகையும் வெட்டினாள். அலை வெட்டுவது லேசான வேலை இல்லை. கத்தி கொஞ்சம் வழுக்கினால் சுருள் அறுந்துவிடும். ரெண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. வீடியோ எடுத்து அனுப்பினாள்.

அரை நாள் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. விஜயராகவன் மூலக்குளத்தில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர். பின்னணியில் யாரோ பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டி பிரமாதம், ஆனால் ஒரு சின்ன விஷயம், அந்தப் படகுப் பாட்டு சரிதாவுக்குப் பிடித்ததில்லை, அவருடைய தங்கைக்குப் பிடித்தது, குழப்பிக்கொண்டுவிட்டார், சரிதாவுக்குப் பிடித்தது மழைப் பாட்டு. அதை வைத்துவிடுங்கள், படத்தையும் பாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

ஃபரீஹா அதை ரெண்டு முறை கேட்டாள். பிறகு, தங்கையும் மனைவியும் குழம்புகிற அளவுக்கு வீட்டில் அத்தனை பேரா என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பின்பலகையை நெம்பி எடுத்தாள். மழைக்கு நீளநீளமாகக் கோடுகள் வெட்டி, ஒரு குடை, குடைக்குக் கீழே ரெண்டு பேர். ஒட்டி மூடி வீடியோ அனுப்பினாள்.

அடுத்த செய்தி சாயங்காலமே வந்தது. மழைப் பாட்டு வேண்டாமாம். நேற்று டிவியில் அந்தப் பாட்டு வந்தபோது சரிதா எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாளாம். பிடித்த பாட்டு வரும்போது யாராவது எழுந்து போவார்களா என்று அவரே கேட்டார். ஆகவே ரயில் பாட்டு. ரயில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு கதாநாயகி பாடுவாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும் சிஸ்டர் என்றார். படம் ரயிலாக இருந்தால் அருமையாக இருக்கும்.

இந்தத் தடவை ஃபரீஹா போன் செய்தாள். பாட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் பெட்டியைப் பிரிக்கணும், பிரித்தால் ஓரம் பிய்கிறது, பெயிண்ட் அடிக்கணும், அது காயணும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவரும் பொறுமையாகக் கேட்டார். கஸ்டமர்கள் அப்படித்தான் படுத்துவார்கள் சிஸ்டர், எங்கள் கடைக்கு வருகிறவர்களும் நாள் பூராப் பார்த்துவிட்டு முதலில் பார்த்த டைல்ஸையே எடுப்பார்கள் என்று ஆறுதல் சொன்னார். தான்தான் அந்தக் கஸ்டமர் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவங்ககிட்டயே நைசாகக் கேட்டுப் பாருங்களேன் என்றாள் ஃபரீஹா. அவர் பதறிவிட்டார். சரிதா கெட்டிக்காரி, ஒரு வார்த்தை கேட்டால் போதும், மீதியைப் பிடித்துவிடுவாள், சர்ப்ரைஸ் போய்விடும். இப்போதே இதைப் பற்றிப் பேசுவதற்காக மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுகிறாராம். சிஸ்டர் அனுப்புகிற வீடியோவைப் பார்த்த உடனே அழித்துவிடுகிறாராம். இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

விட்டுவிடலாம் என்றால் விடவும் முடியவில்லை. பெட்டியின் நெற்றியில் 'சரிதா' என்று பேர் வெட்டி ஒட்டியாகிவிட்டது. வேறு ஒரு சரிதா வரும்வரை அதை யாருக்கு விற்பது?

ராத்திரி சாப்பாட்டில் ஃபவாஸ் ஒரு யோசனை சொன்னான். மெமரி கார்டே வேண்டாம், ப்ளூடூத் போர்டு வைத்துக் கொடுத்துவிடு, அந்த ஆள் தன் போனிலிருந்து எந்தப் பாட்டு வேண்டுமோ போட்டுக்கொள்ளட்டும் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் கடையிலிருந்து ஒரு போர்டு கொண்டுவந்து கொடுத்தான். ஃபரீஹா அதை மாட்டி சுவிட்சைப் போட்டாள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வீடே அதிர இங்கிலீஷில் எதையோ அறிவித்தது. அந்தக் குரலைக் குறைக்கவோ நிறுத்தவோ வழியில்லை. அதுகூடப் பரவாயில்லை. பெட்டி அவள் போனைச் சேர்க்காமல், ஃபவாஸ் காலையில் சோதித்துப் பார்த்த மாமியாரின் போனைக் கீழேயிருந்து சேர்த்துக்கொண்டது. மாமியார் ஜீனத்துன்னிசா அப்போது சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். குடை பிடித்து நின்ற ரெண்டு நிழல் உருவங்களுக்கு நடுவிலிருந்து, கத்தரிக்காயை நாலாகக் கீறி எண்ணெயில் வதக்கணும் என்று யாரோ சொன்னார்கள். கீழே, போனில் சத்தமே வரவில்லை என்று ஜீனத்துன்னிசா அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஃபரீஹா ப்ளூடூத் மாட்டின பெட்டியையும் வீடியோ எடுத்து விஜயராகவனுக்கு அனுப்பினாள். யாரோ பொம்பள இங்கிலீஷில் பேசுகிறாளே, அது வேண்டாம் சிஸ்டர் என்று பதில் வந்தது. கூடவே, ரயில் பாட்டு வேலை எந்த அளவில் இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்.

ரயிலையும் வெட்டினாள். ஜன்னல் ஜன்னலாக வெட்டினாள். வெட்டி ஒட்டி, பாட்டு சரியான இடத்தில் தொடங்கி சரியான இடத்தில் முடிகிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஜீனத்துன்னிசா நல்ல சுபாவம் உள்ளவர். மருமகள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொள்கிறவர். ஆனால் அந்த மாதம் அவருக்கும் பொறுமை தேய்ந்துகொண்டிருந்தது. படகுப் பாட்டு, மழைப் பாட்டு, ரயில் பாட்டு மூன்றும் பாதிப் பாதியாக அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அரிசி களையும்போது அவர் வாயில் அந்த ரயில் பாட்டு வந்துவிட்டது. அதற்காக மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

ரயில் படம் வைத்த பெட்டிக்கும் விஜயராகவன் இன்னும் சரி சொல்லாமல் இருந்த ஒரு மத்தியானம், வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சுடிதார் போட்ட, முப்பத்தெட்டு நாற்பது வயசு மதிக்கத்தக்க பெண் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, ஃபரீஹான்றது யாரு என்று கேட்டாள். கஸ்டமர் வந்திருக்கிறார் என்று ஜீனத்துன்னிசா சந்தோஷமாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஃபரீஹா பழைய நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, முடியில் பசை நூல் தொங்க, கையில் கத்தியோடு இறங்கி வந்தாள். வந்தவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவள் எதிர்பார்த்து வந்தது இந்தக் கோலத்தை இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவள் தன் போனை எடுத்து ஒரு நம்பரைக் காட்டினாள். இது உங்க நம்பர்தானே என்றாள். ஆமாம் என்றாள் ஃபரீஹா. என் வீட்டுக்காரர் போனில் இந்த நம்பரை, கடைக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனி மாதிரி 'மோர்பி டைல்ஸ்' என்று போட்டு வைத்திருக்கிறார், அந்தப் பேரில் எப்போது போன் வந்தாலும் மாடிக்குப் போய்விடுகிறார், மெசேஜ் எல்லாம் அழித்திருக்கிறது, அடித்துப் பார்த்தால் ஒரு பொம்பளைக் குரல் கேட்கிறது, வாட்ஸ்அப்பில் பார்த்தால் ஃபரீஹா கிஃப்ட்ஸ், முல்லா வீதி என்று இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றையும் வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி சொன்னாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"அவரு யாருக்கு கிஃப்ட்டு செய்யச் சொல்லிருக்காரு?"

ஃபரீஹா கையிலிருந்த கத்தியை மேஜையில் வைத்தாள். உண்மையைச் சொன்னால் அந்த மனுஷன் இத்தனை நாள் காத்த சர்ப்ரைஸ் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டு திரும்பிப் போவாளோ தெரியாது. யாரோ ஆபீஸில் ரிட்டயர் ஆகிறவருக்காம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். எந்த ஆபீஸ் என்றாள் அவள். ஃபரீஹா முடியில் தொங்கிய பசை நூலைப் பிய்த்தாள். வந்தவள் மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. ரிட்டயர் ஆகிறவருக்கு வாங்குவதை ஏன் என்கிட்ட மறைக்கணும் என்றாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்த ஜீனத்துன்னிசா மாடிப்படி ஏறினார். மூட்டு வலியால் அவர் மாடிக்கு ஏறுவதே இல்லை. ஃபரீஹா வேண்டாம் மாமி என்று சொல்வதற்குள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கியும் விட்டார். அதை மேஜையில் வைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார். ரயில் ஜன்னல்களில் வெளிச்சம் வந்தது. நெற்றியில் பேர் மின்னியது. ரயில் பாட்டு பாட ஆரம்பித்தது.

"உம் பேரு சரிதாதானே? இந்தாம்மா, உனக்குத்தான். என்னா பாட்டு புடிக்கும்னு நீயே சொல்லிட்டுப் போ. எங்களால முடியல."

சரிதா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேரை விரலால் தடவினாள். எனக்கா, என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வந்தது. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, தப்பா நெனச்சிட்டேங்க என்றாள். ஜீனத்துன்னிசா டீ போடப் போனார்.

டீ குடித்துக்கொண்டே ஃபரீஹா நடந்ததையெல்லாம் சொன்னாள். மனதில் அடைத்துக்கொண்டிருந்ததை ஒருத்தரிடம் கொட்டியது அவளுக்கும் ஆறுதலாக இருந்தது. சரிதா ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் கை வைத்துக்கொண்டாள். படகுப் பாட்டு நாத்தனாருக்குப் பிடித்தது, உண்மைதான். மழைப் பாட்டில் வருகிற நடிகை வீட்டுக்காரருக்குப் பிடித்த நடிகை, அதனால்தான் எழுந்து துணி மடிக்கப் போனாள். ரயில் பாட்டு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. ரயிலில் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும்.

அப்புறம் எதுதான் பிடிக்கும் என்று ஃபரீஹா கேட்டாள். நிச்சயம் ஆன பிறகு கல்யாணத்துக்கு நாலைந்து மாதம் இருந்தது, அப்போது அவர் தினம் சாயங்காலம் போன் செய்வார் என்றாள் சரிதா. அவளுடைய செல்லில் ஒரு காலர் ட்யூன் வைத்திருந்தாள். மாதாமாதம் பேலன்ஸில் பிடிப்பார்கள், அப்பா திட்டுவார், இருந்தாலும் வைத்திருந்தாள். அவர் கூப்பிடும்போது அவர் காதில் கேட்கட்டும் என்றே தேடித் தேடி வைத்த பாட்டு. கல்யாணத்துக்குப் பிறகு அது எதற்கு வெட்டிச் செலவு என்று அவர் சொன்னார், எடுத்துவிட்டாள். பாட்டின் பேர் சட்டென்று வரவில்லை. மெல்ல முனகிக் காட்டினாள். ஜீனத்துன்னிசா உடனே படத்தின் பேரைச் சொன்னார். ஃபரீஹா போனில் தேடி எடுத்துப் போட்டாள். சரிதா டீ தம்ளரைப் பிடித்தபடி அசையாமல் கேட்டாள்.

போகும்போது ஒன்று கேட்டுக்கொண்டாள். தான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாது. பதினாலு வருஷத்துக்கு ஒரு தடவை இவ்வளவு மெனக்கெடுகிறார், பாவம், அதைக் கெடுக்க மனசில்லை என்றாள். பாட்டு விஷயத்தில் நீங்களாகவே எப்படியாவது அவரை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள் என்றாள். ஃபரீஹா சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டாள். ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பியதும், இத்தோடு என் தொல்லை முடிந்தது மாமி என்றாள்.

முடியவில்லை.

அன்று சாயங்காலமே விஜயராகவனுக்குப் போன் செய்து, நயமாக ஆரம்பித்தாள். நிறைய பேர் இப்போதெல்லாம் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் வைத்திருந்த காலர் ட்யூனைத்தான் கேட்கிறார்கள் சார், அவங்களுக்கும் பழைய ஞாபகம் வரும், உங்க மேடம் ஏதாவது வைத்திருந்தார்களா என்றாள்.

"காலர் ட்யூனா? ஒண்ணு இருந்துச்சு. ஆனா அது அவ வச்சதில்ல சிஸ்டர், போன் கம்பெனிக்காரன் அவனா வச்சிட்டது. நான்தான் சொல்லி எடுக்க வச்சேன். அவளும் சந்தோஷமாத்தான் எடுத்தா."

ஃபரீஹா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். பிறகு மறுபடியும் காதில் வைத்து, ஒருவேளை அவங்களே ஆசைப்பட்டு வைத்திருக்கலாம் இல்லையா என்றாள். இல்லவே இல்லை என்றார் அவர். தன் மனைவியைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்று சிரித்தார். இவ்வளவு நாள் யோசித்ததில் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னார். பாட்டென்று வைத்தால் பிடித்தது பிடிக்காதது என்று வரும். வெறும் வாத்தியம் என்றால் வம்பே இல்லை. ஷோரூமில் காலையிலிருந்து ஒரு வயலின் மியூசிக் ஓடும், எல்லாருக்கும் பிடிக்கும், ஒரு கஸ்டமர்கூட இதுவரை குறை சொன்னதில்லை, அதையே அனுப்புகிறேன், அதை ஏற்றிவிடுங்கள். படத்துக்கு வேண்டுமானால் ரெண்டு பூ போதும்.

அனுப்பியும் விட்டார். ஃபரீஹா கேட்டுப் பார்த்தாள். லிப்டில் போகும்போது கேட்கிற மாதிரி இருந்தது. டைல்ஸ் கடையில் விலை கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரியும் இருந்தது. மாடி அறையில் சுற்றிலும் கறுப்புச் சார்ட் துண்டுகள் சிதறிக் கிடந்தன. குடை ஒரு பக்கம், ரயில் பெட்டி ஒரு பக்கம். இன்னும் ரெண்டு பூ வெட்டணும். அவள் கத்தியை எடுத்தாள், பிறகு வைத்தாள். அந்த மனுஷன் மேல் வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவராகவும் இருந்துகொண்டு இப்படிப் படுத்தினால் என்ன செய்வது?

பூ வெட்டவில்லை. அலமாரி மேல் எடுத்து வைத்திருந்த முதல் படத்தை, அந்தத் துறைமுகப் பாலத்தையும் அலையையும் படகையும், மறுபடி உள்ளே வைத்தாள். அவள் வெட்டினதிலேயே அதுதான் அழகு. மெமரி கார்டில் சரிதா சொன்ன பாட்டை ஏற்றினாள். பின்பலகையை மூடினாள். இந்த முறை பசையோடு நாலு ஆணியும் அடித்தாள்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் விஜயராகவன் பெட்டியை வாங்கிப்போக வந்தார். உயரமான, கொஞ்சம் கூன் போட்ட மனிதர். ஷோரூம் பேர் போட்ட சட்டையோடு வந்திருந்தார். வாசலில் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துவிட்டு உள்ளே வந்தார். ஜீனத்துன்னிசா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். சிரிப்பு வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

ஃபரீஹா சுற்றி வளைக்கவில்லை. நீங்க சொன்ன மியூசிக்கை வைக்கலை சார், வேற பாட்டு வைத்திருக்கிறேன், முழுசாக ஒரு தடவை கேளுங்க, பிடிக்கலைன்னா இங்கேயே வைத்துவிட்டுப் போங்க என்றாள். இப்படிப் பேசுவாள் என்று அவளே நினைக்கவில்லை. விஜயராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

வெளிச்சம் வந்தது. பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே அவர் முகம் சுருங்கியது. இது அந்தக் காலர் ட்யூன்தானே என்றார். ரெண்டாவது வரி போயிற்று. அவர் கை தன்னையறியாமல் காதுப் பக்கம் போனது. மூன்றாவது வரியில் பாட்டு மேலே ஏறும் இடத்தில், எதற்கோ தயாராகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு நிற்காமல் போனது. அவருக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முடிந்ததும்தான் காதிலிருந்து கையை எடுத்தார்.

"பாட்டு மேல ஏறுற எடத்துல அவ போனை எடுத்துடுவா. சரியா அந்த எடத்துல. அதுக்கு அப்புறம் இருக்கறத நான் கேட்டதே இல்ல சிஸ்டர்."

இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டார். அப்போ எனக்காகத்தான் வைத்திருந்தாளோ என்று அவளிடம் கேட்காமல் பெட்டியிடம் கேட்பது போலக் கேட்டார். ஃபரீஹாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வாக்குக் கொடுத்திருந்ததால் அடக்கிக்கொண்டாள். இருக்கும் சார் என்று மட்டும் சொன்னாள். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு மாதக் கோபத்தில் பாதி அப்போது அவளுக்கு இறங்கிவிட்டது.

இறங்கின பாதி அடுத்த நிமிஷம் திரும்பி வந்தது. அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாட்டு இதுதான் சிஸ்டர், சந்தேகமே இல்லை, ஆனால் இந்தப் பாட்டில் கடல் எங்கேயாவது வருகிறதா, படம் பொருந்தணுமே என்றார்.

"வருது சார்," என்றாள் ஃபரீஹா. "ரெண்டாவது சரணத்துல."

அந்தப் பாட்டில் கடலும் இல்லை, குளமும் இல்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பிறந்தநாள் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு சரிதா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். மாடியில் நின்று பேசுகிறேன் என்றாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தபோது அவர் பெட்டியை எடுத்து வைத்துச் சுவிட்சைப் போட்டாராம். அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தும், அந்தப் பாட்டு வந்தபோது நிஜமாகவே அழுகை வந்துவிட்டதாம். எப்படிங்க கண்டுபிடிச்சீங்க என்று எல்லார் முன்னாலும் கேட்டாளாம். அதற்கு அவர், பதினாலு வருஷமா தெரியும், மனசுலயே வச்சிருந்தேன் என்று சொன்னாராம். நாத்தனார் அதைக் கேட்டுத் தன் புருஷனை முறைத்தாளாம்.

ஃபரீஹா சிரிக்கவும் முடியாமல் எரிச்சல்படவும் முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மனசில் வைத்திருந்தாராமா, என்றாள். ஆமாம், என்னிடமும் தனியாக அதையேதான் சொன்னார், நானும் நம்பிவிட்டேன் என்று சரிதா சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு தயங்கினாள்.

போன் செய்தது வேறு விஷயத்துக்கு. அவர் காலையில் பல் துலக்கும்போதே அந்தப் பெட்டியைப் போட்டுவிடுகிறார். கடைக்குக் கிளம்பும்வரை பாடுகிறது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியதும் மறுபடி போடுகிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் உட்காரவைத்து முழுப் பாட்டையும் கேட்கவைக்கிறார். பால்காரருக்குக்கூடப் போட்டுக் காட்டினார். ரெண்டாவது சரணத்தில் கடல் வருகிறதென்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அது எங்கே என்று ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துத் தேடுகிறார். அவர் ஆசையாகச் செய்வதால் நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காமல் போய்விடும்.

"சத்தத்தையாவது கொறைக்க முடியுமாங்க? அவருக்குத் தெரியாம?"

ஃபரீஹா கண்ணை மூடிக்கொண்டாள். நாலு ஆணியும் அடித்திருந்தது. மத்தியானம் அவர் கடைக்குப் போன பிறகு ஸ்கூட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் குறைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.